விடு, பிடி

ஜகா கடப்பாரையால் குழியை இடித்தான். உதிர்ந்த மண்ணைச் சௌந்தரராஜன் தகர டப்பாவால் அள்ளி வெளியே போட்டார். குளிர்காலம் முழுக்க கிரிக்கெட் ஆடிய தரை. ஒரு சாண் ஆழம் போவதற்குள் ஜகாவின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. சௌந்தரராஜனுக்கு இடது முழங்கால் மடங்காது. அந்தக் காலை நீட்டிப் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்துதான் அவரால் அள்ள முடிந்தது.

"ராஜன்தா, கோச்சு வந்து மண்ணு அள்ளலாமா? அந்தாண்ட கிளப்புக்காரன் பார்த்தா சிரிப்பான்," என்றான் ஜகா. கங்காதீர் ஸ்போர்ட்டிங் கிளப்பின் தரையைப் பார்த்துக்கொள்ளும் மாலி அவன். ஒடிசாவிலிருந்து வந்து டென்ட்டின் பின்பக்கமே குடியிருந்தான். பேச்செல்லாம் வங்காளத்தில்தான்; ராஜன்தா என்றால் ராஜன் அண்ணன்.

"போன வருஷமும் அள்ளினேன். டிவிஷன் ஏறினோமா இல்லையா?"

"அப்போ நான் கடப்பாரை போட்டதுக்கு ஏறல?"

"நீ போட்டதுக்குத்தான் ரெண்டு பெனால்ட்டி வெளிய போச்சு."

ஜகா சிரித்துவிட்டு உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டு மறுபடி கடப்பாரையை ஓங்கினான்.

வங்காள வருஷப் பிறப்பு. இந்த மைதானத்தில் நகரத்தின் கால்பந்து கிளப்புகள் வரிசையாக டென்ட் போட்டிருக்கும்; எல்லா கிளப்பிலும் அன்று பார் பூஜை நடக்கும். கோலின் குறுக்குக் கம்பியைக் கங்கைத் தண்ணீரால் கழுவி, சிந்தூரம் வைத்து, மாலை போட்டு, புரோகிதர் மந்திரம் சொன்ன பிறகுதான் கம்பத்தை நடுவார்கள். கம்பம் நின்றால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கம்பியை முந்தின நாளே சௌந்தரராஜன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார். முந்தின நாள் தமிழ் வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடியைத் தின்றுவிட்டு நேராக இங்கே வந்ததற்கு அவருடைய மனைவி நாகலட்சுமி ராத்திரி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூஜையில் கோச் பெயரில்தான் சங்கல்பம் செய்வார்கள். முதல் வருஷம் புரோகிதர் கோத்திரம் கேட்டபோது சௌந்தரராஜனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "தெரியாதவனுக்குக் காஸ்யபம்," என்று புரோகிதர் தானே முடிவு செய்தார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் "காஸ்யப கோத்ரஸ்ய ஷொவுந்தொரொ..." என்று பாதியில் அவர் நாக்கு தடுக்கும். பிளேயர்கள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள்.

இந்த முறையும் சௌந்தரராஜன் கைகால் கழுவிக்கொண்டு வந்து கம்பியின் தலைமாட்டில் உட்கார இடம் பார்த்தார். புரோகிதர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குள் செக்ரட்டரி தபன் பாபு குனிந்து புரோகிதரின் காதருகே போய், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "அநிந்த்யா முகர்ஜி. பரத்வாஜ கோத்திரம்."

வெள்ளைப் பஞ்சாபி ஜிப்பா போட்ட ஒரு இளைஞன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். நான்கு வருஷத்துக்கு முன் இதே டீமில் சௌந்தரராஜனிடம் ரைட் பேக் ஆடியவன். உட்காருவதற்கு முன் குனிந்து அவர் காலைத் தொட்டான். காலில் இன்னும் மண் இருந்தது. விரலில் ஒட்டியதை அவன் சட்டையில் துடைக்காமல் புல்லில் துடைத்தான். புரோகிதர் பெயரைத் தடுக்காமல் சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. பிளேயர்கள் சௌந்தரராஜனைப் பார்க்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூஜை முடிந்து டென்ட்டில் லுச்சிப் பூரியும் ஆலுர் தம் என்ற உருளைக்கிழங்குக் கறியும் கொடுத்தார்கள். தபன் பாபு தன் தட்டை எடுத்துக்கொண்டு சௌந்தரராஜன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"மேல் டிவிஷன்ல லைசென்ஸ் இல்லாத கோச் பெஞ்சுல உட்காரக் கூடாதாம், ராஜன். கடுதாசி வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"டீம ஏத்தினது நான், தபன்தா."

"அதத்தான் சொல்றேன். ஏத்தாம இருந்திருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது." வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அநிந்த்யா பேருதான். பேப்பருக்கு. பிராக்டிஸ் எல்லாம் உன்னோடதுதான். நீ மேனேஜர். குடுக்கிறதும் அதேதான், கொறைக்கல. அடுத்த வருஷம் உன்னை லைசென்ஸ் கோர்ஸுக்கு அனுப்புவோம்."

கோர்ஸில் ஓடிக் காட்ட வேண்டும் என்பது தபன் பாபுவுக்கும் தெரியும். சௌந்தரராஜன் லுச்சியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார்.  அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டே எல்லோருக்கும் பழகிவிட்டது.

ரயில்வே டீமில் லெஃப்ட் அவுட் ஆடியவர் அவர். அப்பா பொன்மலையிலிருந்து கரக்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றலாகி வந்தவர். மகனுக்கும் ஆட்டத்தின் பேரில் வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தார். அந்த வருஷம் பாராசாத் பக்கம் ஒரு கேப் ஆட்டத்துக்குச் சௌந்தரராஜன் போனார். கேப் என்றால் வேறொருவன் பெயரில், காசுக்கு, ஊர் ஊராகப் போய் ஆடுவது. மைதானத்தில் போகாதவன் கிடையாது. அங்கே முழங்கால் உடைந்தது. ஆட்டத்தில் இருந்த பெயர் அவருடையது இல்லை என்பதால் உடைந்த காலும் ரயில்வே கணக்கில் வரவில்லை. வேலையும் வரவில்லை. அதன்பிறகு மைதானத்தின் சின்ன கிளப்புகள்தான், ஒன்று மாற்றி ஒன்று.

லேக் மார்க்கெட் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழிருந்த ஒற்றை அறைக்கு அன்று அவர் திரும்பி வந்தபோது நாகலட்சுமி மணிக்கட்டில் வெந்நீர்த் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். மஹாதேவன் மெஸ்ஸில் தோசைக்கல்லின் முன்னால் நிற்கும் வேலை அவளுக்கு. கரண்டி பிடித்துப் பிடித்து வலது கை இரவில் விரல் மடங்காமல் மரத்துப்போகும்.

"பூஜ நல்லா நடந்துச்சாங்க?"

"ம்."

"என்ன ம்? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இந்த வருஷம் நான் கோச் இல்ல."

துணியைச் சுற்றுவதை அவள் நிறுத்தினாள்.

"மேனேஜர்னு சொல்லிட்டாங்க," என்றார்.

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அவர் பார்த்தார். முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு உதடு விரிந்தது.

"மேனேஜரா? கோச்சுக்கும் மேலயா?"

மைதானத்தில் மேனேஜர் என்றால் ஜெர்ஸி மூட்டை, தண்ணீர் கேன், இடைவேளைக்கு எலுமிச்சம்பழம், ஆட்டம் முடிந்ததும் சலவை. அவர் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான்தான் லட்சுமி. உங்க மாப்பிள்ளைய மேனேஜராக்கிட்டாங்க... ஆமா, கிளப்புக்கே... வயசாகுதுல்ல, ஓடியாடுற வேலையெல்லாம் சின்னப் பசங்க பாத்துக்குவாங்களாம்... இல்ல இல்ல, உக்காந்து பாக்குறதுதான்."

பொன்மலையில் இருக்கும் அண்ணனிடம் இவ்வளவு நேரம் அவள் பேசி வெகுகாலம் ஆகிறது. இந்தப் பேச்சில் மட்டும் அவள் குரல் தணியவில்லை. பேசி முடித்ததும் சொல்லிவிடலாம் என்று சௌந்தரராஜன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முடித்ததும் அவள் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, இருந்ததைப் போட்டுக் கேசரி கிளறினாள். அவர் சாப்பிட்டார். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

பிராக்டிஸ் தபன் பாபு சொன்னபடியே சௌந்தரராஜனிடம் இருந்தது. அநிந்த்யா வந்தால் கலர் கலராகக் கூம்புகளை நட்டு வைப்பான். மற்றபடி தள்ளியே நின்றான். மரியாதையானவன்தான். முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தயங்கித் தயங்கி வந்து கேட்டான்.

"ராஜன்தா, பெஞ்சுல நான்தானே எழுந்து கத்த முடியும். உங்க வார்த்தையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடுங்க. நான் ஆடினப்போ அரைகுறையாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

அந்த வார்த்தைகள் திட்டமிட்டு வந்தவை இல்லை. ஆவேசம் வந்தால் அவருக்கு வாயில் தமிழ்தான் வரும். பாங்குரா, புருலியா, கேனிங் என்று வெளியூர்களிலிருந்து வந்த பையன்கள் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். பின்னாடி, உள்ள, திரும்பு, விடு, பிடி. பிடி என்றால் ஆளைக் கையைப் போட்டாவது நிறுத்து என்று அர்த்தம். எதிர் டீம்காரனுக்கு ஒன்றும் விளங்காது. போன வருஷம் ஒரு ரெஃப்ரி, கெட்ட வார்த்தை சொல்கிறான் என்று நினைத்து கார்டு காட்டப் பார்த்தார். பின்வரிசையில் ஸ்டாப்பர் ஆடும் ஷிபு முர்மு போய், "சார், எங்க கோச்சு சாமி கும்பிடுறாரு," என்று சொன்னதில்தான் தப்பித்தார்கள்.

சௌந்தரராஜன் ஒவ்வொன்றாகச் சொன்னார். அநிந்த்யா போனில் பதிவு செய்துகொண்டான்.

"விடு. பந்து தானா வெளிய போகுது, இல்ல ஆள் ஆஃப்சைடுக்குப் போறான்னா, விட்டுடணும். விடு."

"பிடு," என்றான் அநிந்த்யா.

பையன்கள் சிரித்தார்கள்.

"பிடு இல்ல. வி. விடு."

"பி... பிடு."

"ஆரே அநிந்த்யாதா, பல்ல உதட்டுல வைங்க," என்றான் ஷிபு. "நான் இதுக்கே ரெண்டு மாசம் திட்டு வாங்கினேன்."

வாசுவைப் பாசு என்றும் வினோத்தைப் பினோத் என்றும் கூப்பிடும் நாக்கு. அநிந்த்யா பல்லை உதட்டில் வைத்தான். மெதுவாகச் சொன்னபோது சரியாக வந்தது. வேகமாகச் சொன்னபோது திரும்பவும் பிடு ஆனது. சௌந்தரராஜன் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வங்காளத்தில் வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அநிந்த்யா அதற்குள், "வந்துடும் ராஜன்தா, வீட்ல பழகிட்டு வர்றேன்," என்றான். அவரும் சரி என்றார். தன் வார்த்தைகள் இன்னும் டீமில் இருக்கின்றன என்பது அப்போது அவருக்குப் போதுமாக இருந்தது.

முதல் ஆட்டத்துக்கு நாகலட்சுமியும் வருவேன் என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவள் மைதானத்தில் ஆட்டம் பார்த்ததில்லை. மழை வரும், கூட்டம் ஒரு மாதிரி இருக்கும் என்றெல்லாம் அவர் சொல்லிப் பார்த்தார். "மேனேஜர் வீட்டம்மாவுக்கு ஒரு சீட்டு போடமாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் மாம்பழக் கலர்ப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம், மரக் கேலரியின் மேல் படியில், குடையோடு அவளை உட்கார வைத்துவிட்டு டென்ட்டுக்குப் போனார். ஜெர்ஸி மூட்டையைத் தோளில் போட்டு, தண்ணீர் கேனை மறு கையில் எடுத்தபோது கேலரிப் பக்கம் பார்க்காமல், ஜகாவின் மறைவில் நடந்தார்.

"குடுங்க, நான் தூக்குறேன்," என்றான் ஜகா.

"நீ முன்னாடி நட. அகலமா நட."

ஜகாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் கையை அகட்டிக்கொண்டு நடந்தான்.

பெஞ்சின் கடைசியில் அவருக்கு இடம். ஆட்டம் தொடங்கும் முன்பே அதிகாரி வந்து, "மேனேஜர் எழுந்திரிக்கக் கூடாது. கோச் ஒருத்தர்தான் நிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மழை பெய்து நின்று மறுபடி பெய்தது. கோலுக்கு முன்னால் தரை சேறாகிவிட்டது. முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் அவர் எலுமிச்சம்பழத் துண்டுகளை நீட்டினார். அநிந்த்யா பேசிக்கொண்டிருந்தபோது பையன்கள் பழத்தைச் சப்பியபடி அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஷிபு அருகில் வந்ததும், "ஒம்பதாம் நம்பர்காரன் வலது காலாலதான் திரும்புறான். இடது பக்கம் நில்லு," என்று கீழ்க்குரலில் சொன்னார்.

இரண்டாம் பாதி முடியும் தறுவாயிலும் கோல் விழவில்லை. மேல் டிவிஷனில் முதல் ஆட்டத்தில் டிரா என்பது இந்த கிளப்புக்குப் பெரிய விஷயம். தபன் பாபு குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றார். அப்போது எதிர் டீமின் பந்து ஒன்று நீளமாக வந்து, கோலுக்குப் பக்கவாட்டில் எல்லைக்கோட்டை நோக்கி உருண்டது. ஒன்பதாம் நம்பர்காரன் துரத்தினான். ஷிபு அவனோடு தோளுக்குத் தோள் ஓடினான். பந்தின் வேகத்தைச் சௌந்தரராஜன் பார்த்தார். சேறு தாண்டிவிட்டது. இனி நிற்காது. தானாக வெளியே போய்விடும்.

உட்கார்ந்தபடியே, "விடச் சொல்லு. அநிந்த்யா, விடச் சொல்லு," என்றார்.

அநிந்த்யா கோடு வரை ஓடி, கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

"பிடு! ஷிபு, பிடு!"

ஷிபு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கையை நீட்டி ஒன்பதாம் நம்பர்காரனின் இடுப்பைப் பிடித்தான். அவன் சேற்றில் முகங்குப்புற விழுந்தான். பந்து அதன்பாட்டுக்கு உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் விளம்பரப் பலகையில் முட்டி நின்றது. ரெஃப்ரி பெனால்ட்டி இடத்தைக் கைகாட்டினார்.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்ததும் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தபன் பாபு, கமிட்டி ஆட்கள், பிளேயர்கள், டென்ட்டுக்குத் தினம் வரும் கிழவர்கள் எல்லோரும். நடுவில் சௌந்தரராஜன் ஜெர்ஸிகளை வாங்கி வாங்கி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குடா பிடிச்ச? பந்துதான் வெளிய போகுதே?" என்று தபன் பாபு ஷிபுவைக் கேட்டார்.

"பிடின்னுதான் கேட்டுச்சு."

"நான் விடுன்னுதான் சொன்னேன்," என்றான் அநிந்த்யா.  இப்போதும் அது பிடு என்றுதான் வந்தது. "ராஜன்தா சொல்லச் சொன்னாரு. நான் சொன்னேன்."

அதில் பொய் எதுவும் இல்லை.

"வங்காளத்துல வார்த்தைக்கா பஞ்சம்?" தபன் பாபு சௌந்தரராஜன் பக்கம் திரும்பினார். "இத்தன வருஷம் இந்த ஊரு சோத்தத் தின்னுட்டு, பசங்களுக்கு மதராஸி மந்திரம் சொல்லிக் குடுத்திருக்க. ஒருத்தனுக்கு ஒண்ணு கேக்குது, இன்னொருத்தனுக்கு வேற கேக்குது. இதுல ஜெயிக்கிறதாம்."

"போன வருஷம் இதே வார்த்தையிலதான், தபன்தா..."

"போன வருஷம் போச்சு."

ஷிபு ஏதோ சொல்ல வந்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் கையை அழுத்தினான். பருவத்தில் இன்னும் நிறைய ஆட்டங்கள் இருந்தன.   சௌந்தரராஜன் நனைந்த ஜெர்ஸியை உதறி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாக்கி மூட்டைக்குள் வைத்தார்.

"நாளையிலேர்ந்து பிராக்டிஸுக்கும் வர வேணாம், ஆட்டத்துக்கும் வர வேணாம்," என்றார் தபன் பாபு. இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "கோர்ஸப் பத்தி அப்புறம் பாப்போம். இந்த மூட்டைய மட்டும் துவைச்சு ஜகாகிட்ட குடுத்துடு. புதன்கிழமை ஆட்டம் இருக்கு."

எஸ்பிளனேடில் பஸ் கிடைத்தது. மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சௌந்தரராஜன் மடியிலேயே வைத்துக்கொண்டார். "தாதா, லக்கேஜுக்குத் தனி டிக்கெட்," என்றான் கண்டக்டர். பெண்கள் இருக்கை ஒன்று காலியாக இருந்தும் நாகலட்சுமி அதில் உட்காராமல் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்தாள். பட்டின் கரையில் சேறு. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

"தோத்துட்டோமாங்க?"

"ஆமா."

"அந்த ஒசரமான பையன் கையப் போட்டது தப்புதான் இல்ல? எனக்கே தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பவானிபூரின் கடை விளக்குகள் ஈரக் கண்ணாடியில் நகர்ந்தன. "ஆனா ஒண்ணுங்க. முடிஞ்சதும் எல்லாரும் உங்களத்தான் சுத்தி நின்னாங்க. கோட்டுல நின்னு கத்தின அந்த வெள்ளச் சட்டைப் பையன யாரும் கண்டுக்கல. பெரியவரு ஒருத்தரு உங்ககிட்ட அவ்ளோ நேரம் பேசினாரே, அவருதான் செக்ரட்டரியா?"

"ம்."

"மழையில எனக்கு ஒண்ணும் கேக்கல. பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்ககிட்ட, அதோ நிக்கிறாரு பாருங்க, அவருதான் எங்க வீட்டுக்காரர்னு காமிச்சேன். மேனேஜர்னு சொன்னேன். ஓ மா, அப்படியான்னு ஆச்சரியப்பட்டாங்க."

அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். இறுக்கியதில் சேற்றுத் தண்ணீர் பிழிந்து முழங்கால் வழியாக இறங்கியது. எதிரில் நின்றிருந்தவர் தன் பான்ட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது," என்றாள் நாகலட்சுமி. வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். "மஹாதேவன்கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வரலன்னு. நேத்தே புதுசா ஒரு பொண்ணு வந்துட்டா, கல்லு அவகிட்ட குடுத்தாச்சு. இனிமே இந்தக் கையால முடியாதுங்க. நீங்கதான் இப்ப உக்காந்து பாக்குற வேலைக்கு வந்துட்டீங்களே."

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு அந்த மௌனத்தை எப்போதும் போல எடுத்துக்கொண்டு, நிம்மதியாக முதுகைச் சாய்த்தாள். பஸ் ஹஜ்ரா முனையில் நின்று கிளம்பியது. மூட்டையிலிருந்து இறங்கிய தண்ணீர் தகரத் தரையின் வரிகளுக்குள் ஓடி அவள் காலடிக்கு வந்தது. அவள் புடவையை லேசாகத் தூக்கி, அதற்கு வழிவிட்டுக் காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.